நசுங்காத கார்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வத்தலக்குண்டு - கொடைக்கானல் தடத்தில் வேன் ஓட்டும் நம் பழைய மாணவர் ஒருவர், பேட்ச் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார். அவர் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு லைசென்ஸ் எடுக்கப் போகிறான். அதற்குள் கைப்பேசி கேமில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி முடித்துவிட்டானாம். "சார், அவன் வண்டி பாறையில் மோதினாலும் அப்படியே புதுசு மாதிரி திரும்பி வருது. படமெல்லாம் இவ்வளவு தத்ரூபமா போடத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு நசுங்கல் போடத் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். இயற்பியல் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கான பதிலில் இயற்பியல் பாதி, மீதி வியாபாரம். அதனால் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1982-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'போல் பொசிஷன்' என்ற கேமை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெட்டி. ஜப்பானில் உண்மையாகவே இருக்கும் ஃபூஜி பந்தயத் தடத்தை வைத்துச் செய்தது. சாலை நம்மை நோக்கி விரிந்து வருவதுபோல் காட்டிய விதம் அந்தக் காலத்துக்குப் பெரிய அதிசயம். விபத்து என்றால் அதில் ஒன்றே ஒன்றுதான்: எதன் மீது மோதினாலும் கார் தீப்பிழம்பாக வெடிக்கும், சில நொடிகளில் புதுக் கார் வரும். தீபாவளி வெடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதன்முதலில் விபத்தைக் கொஞ்சம் மதிப்போடு நடத்தியது 1989-ல் அடாரி கேம்ஸ் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவிங்' என்பேன். அந்தப் பெட்டியில் சாவி உண்டு, கிளட்ச் உண்டு, கியர் தண்டு உண்டு. சாலையின் இழுப்பு ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தெரியும். உண்மையான கார்களின் இயக்கவியல் தெரிந்த பொறியாளரான டக் மில்லிக்கன் அதில் பங்கேற்றார். மோதினால் கேம் நின்று, நடந்ததை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் மறுபடி ஓட்டிக் காட்டும். எங்கே தப்பு செய்தாய் என்று பார்த்துக்கொள். விடைத்தாளைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பது போல. படமோ வெறும் தட்டையான பலகோணங்கள்தான். மரம்கூட மரம் மாதிரி இருக்காது. இந்த முரணை நினைவில் வையுங்கள்: படம் மோசம், இயக்கம் உண்மை.

அடுத்து வந்தவை உங்களுக்கே தெரியும். 1991-ல் பிறந்து, 1996-ல் விண்டோஸுக்கு வந்த 'ரோட் ராஷ்'. பிரவுசிங் சென்டர் காலத்தில் இதை ஆடாத பையன் உங்களில் எவன்? டியூஷன் நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவன் எழுந்து, ஓடிப்போய், பைக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்புவான். எலும்பு முறிவு என்ற சொல்லே அந்த ஊர் அகராதியில் கிடையாது. 1994-ல் தொடங்கிய 'நீட் ஃபார் ஸ்பீட்' வரிசையின் கதை இன்னும் சுவையானது. 1999-ல் வந்த 'ஹை ஸ்டேக்ஸ்' பதிப்பில் கார் அடிபடுவது கண்ணுக்குத் தெரியும், ஓட்டம் கெடும், ரிப்பேருக்குப் பணம் கட்ட வேண்டும். நான்கு வருடம் கழித்து, அதைவிடப் பளபளப்பாக, 2003-ல் 'அண்டர்கிரவுண்ட்' வருகிறது. அதில் கார் நசுங்குவதே இல்லை! கணினியின் வேகம் கூடிக்கொண்டே போகிறது, சேதம் மட்டும் பின்னோக்கிப் போகிறது. ஆக, நம் வேன் ஓட்டுநர் சந்தேகப்பட்டதுபோல இது தெரியாமையால் வந்தது அல்ல.

பெரிய காரணம் உரிமம். நிஜமான காரின் பெயரையும் உருவத்தையும் கேமில் வைக்க வேண்டுமென்றால் அதைச் செய்யும் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். தங்கள் கார் கூரை பிளந்து, பானெட் மடங்கிக் கிடப்பதைத் திரையில் காட்டப் பல நிறுவனங்கள் தயங்கின. விளம்பரத்துக்காகக் கொடுக்கும் பெயர், அழிவைக் காட்டுவதில் போய் முடியலாமா என்பது அவர்கள் கணக்கு. 1997 டிசம்பரில் வந்த 'கிரான் டூரிஸ்மோ' நூற்றுக்கும் மேற்பட்ட நிஜக் கார்களை அச்சு அசலாகக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய கசுநோரி யமவுச்சி கார்ப் பித்தர். எடை எப்படி முன்னும் பின்னும் சாய்கிறது, டயர் எப்போது பிடியை விடுகிறது என்பதையெல்லாம் அந்த கேமில் உணரலாம். ஆனால் சுவரில் உரசிக்கொண்டே வளைவைக் கடந்தாலும் பெயின்ட் போகாது. அந்த வரிசையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் முறையாக வந்தது 2010-ன் ஐந்தாம் பதிப்பில்தான். பதின்மூன்று வருடம்!

இதற்கு எதிர்ப்பக்கம் 2004-ல் வந்த 'பர்ன்அவுட் 3'. அதிலுள்ள கார்கள் எல்லாம் கற்பனைக் கார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எனவே கண்ணாடி தூளாகும், கதவு பறக்கும், விபத்தை உண்டாக்கினால் மதிப்பெண்ணே உண்டு. நிஜப் பெயர் வேண்டுமானால் நசுங்கல் இல்லை, நசுங்கல் வேண்டுமானால் நிஜப் பெயர் இல்லை. பல வருடம் இந்தப் பண்டமாற்றுதான் நடந்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. கார் நசுங்குவது அவமானம் என்று நிறுவனங்கள் நினைத்தனவே, நசுங்குவதற்காகவே காரைச் செய்யலாம் என்று கண்டுபிடித்தது அதே தொழிலைச் சேர்ந்த ஒருவர். டெய்ம்லர்-பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி 1951-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆள் உட்காரும் கூடு உறுதியாக இருக்க வேண்டும், அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மடங்க வேண்டும் என்பது அவர் யோசனை. 1959-ல் மெர்சிடிஸ் கார் ஒன்றில் இது விற்பனைக்கே வந்தது.

பழைய வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் சுவரில் மோதி நிற்கிறது. முன்பக்கம் 60 செ.மீ நசுங்கினால், உள்ளே இருப்பவர் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு வேகக் குறைப்பைத் தாங்க வேண்டும். பெல்ட் போட்டிருந்தால் பிழைக்கலாம். 6 செ.மீ மட்டுமே நசுங்கினால்? அதே கணக்கில் 240 மடங்குக்குப் பக்கம் போகும். கொஞ்சமும் நசுங்காத கேம் காருக்குள் நிஜ மனிதன் இருந்தால் என்ன ஆவான் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். (v² = 2as. மறந்திருக்க மாட்டீர்கள்.) "அந்தக் காலத்து வண்டி கெட்டி, இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று பெருமை பேசும் நம் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கும் இதே கணக்குதான்.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். (கோவையில் இந்த ஆர்வத்துக்கு உரம் போட்டவர் கரிவரதன். மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியவர். 1995-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) அந்த வருடம் அக்டோபரில் ஷாங்காய் பந்தயத்தில் நரேனின் கார் கட்டுப்பாடு இழந்து பின்பக்கமாகப் போய்ச் சுவரில் பலமாக மோதியது. காரின் பாகங்கள் சிதறின. நரேன் காயமில்லாமல் இறங்கி வந்தார். சிதறியதால்தான் அவர் நடந்து வந்தார் என்று சொன்னால் தப்பில்லை. அந்தக் கார்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன.

அதே 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஃபார்முலா ஒன் 05' கேமில் நரேனும் ஓட்டுநராக இருந்தார். நம்ம ஊர்ப் பையனை ஜப்பான்காரனும் இங்கிலாந்துக்காரனும் திரையில் ஓட்டிப் பார்த்த காலம் அது! பிறகு 2011 கேமிலும் அவர் உண்டு. கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத் தடம் அந்த கேமில் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. நிஜப் பந்தயம் நடந்ததோ அக்டோபர் 30-ம் தேதி. நிஜத்தை நகல் முந்திக்கொண்டது. படம் வரையும் கலை அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. அதற்கு முன்பே, 2008-ல் தொடங்கிய 'ஐரேசிங்' போன்றவற்றில் தடங்களை லேசரால் அளந்து, சாலையின் சின்ன மேடு பள்ளத்தைக்கூட அப்படியே எடுத்துவிட்டார்கள்.

சேதம் இந்த வளர்ச்சியை எட்டிப் பிடித்தது 2013-ல் முதல் வடிவம் வெளிவந்த 'பீம்என்ஜி டிரைவ்' என்ற ஜெர்மானிய கேமில். அதில் காரை முழுத் திடப்பொருளாக வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகள், அவற்றை இணைக்கும் கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் இவ்வளவு இழுத்தால் வளையும், இவ்வளவு இழுத்தால் அறுந்துபோகும் என்று எல்லை உண்டு. நொடிக்கு 2,000 முறை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். நசுங்கல் இங்கே முன்கூட்டி வரைந்து வைத்த படம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கும் நிகழ்ச்சி. ஹூக் விதியைக் கரும்பலகையில் எழுதி உங்களைத் தூங்க வைத்தேனே, அதேதான். அதிலும் கார்களின் பெயர்கள் கற்பனைப் பெயர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். நம் பையன்கள் அதிகம் ஆடுவது பந்தய கேம்களைவிட பஸ், லாரி கேம்கள்தான். 2017-ல் வந்த 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'வுக்கு நம் அரசுப் பேருந்து, ஆம்னி பஸ்களின் நிறங்களையும் எழுத்துகளையும் போட்டு இளைஞர்களே செய்து பகிர்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளுடன் மலைப்பாதை வரைபடங்களும் சுற்றுகின்றன. ஊர்ப் பலகை, டீக்கடை, ஹாரன் ஓசை வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மெச்சுகிறேன். 2012-ன் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'-ல் மோதினால் சேதம் சதவீதமாக ஏறும், ரிப்பேர் செலவு வரும். லாரியின் உடம்பு மட்டும் வளையாது.

ஆனால் மலையில் வண்டி கெடுவது மோதும்போது தொடங்குவதில்லை. அதற்கு ஏழெட்டு வளைவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டுப் பக்கம் சமவெளிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,800 மீட்டர் குறைகிறது. ஆட்களோடு 15 டன் எடையுள்ள பஸ் என்றால் 26 கோடி ஜூலுக்கு மேல் ஆற்றல். 800 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று இறங்க இறங்க அது எங்காவது போயாக வேண்டும். கீழ் கியரில் வந்தால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அத்தனையும் லைனிங்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் லைனிங்கின் உராய்வு குறையும். பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது. சமவெளியிலிருந்து சுற்றுலா வரும் ஓட்டுநர்கள் பலருக்கு இந்த வெப்பக் கணக்கு தெரியாது.

கைப்பேசி கேமில் பிரேக் எத்தனை முறை அழுத்தினாலும் முதல் முறை போலவே பிடிக்கிறது என்றால், பையன் கற்றுக்கொள்வது மலை இறக்கம் அல்ல, மலைப் படம் போட்ட சமவெளி. மேலே சொன்ன 'பீம்என்ஜி'யில் பிரேக் சூடாகும், பிடிப்பு தளரும், தொடர்ந்து அழுத்தினால் வட்டுகள் சிவந்தே போகும். நல்ல கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் பிள்ளைகளை அதில் நீண்ட இறக்கம் ஒன்றை டாப் கியரில் ஒருமுறையும், இரண்டாம் கியரில் ஒருமுறையும் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வளைவில் பிடிப்பு போகிறது என்று குறித்து வைக்கட்டும்.

இன்னொன்று: குறுகலான மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. கேமில் எதிரே வரும் வண்டிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆடுகிறவர்கள் கமென்ட்டில் எழுதுங்கள். எந்த கேம், எந்த வரைபடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.