தோட்டப் பள்ளிக்கூடமும் குடிமைப் பண்பும்



குடிமகனுக்குரிய கடமைகளைப் பள்ளியிலே கற்ற பிள்ளைகள், குடிமகன் என்னும் பெயரைப் பெறப் பல்லாண்டுகள் காத்திருந்த வரலாறு நமது மலையகத்துக்கு உரியது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டங்களில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. 1920இல் வந்த கல்விச் சட்டம் அப்பொறுப்பை வலியுறுத்திற்று. எனினும், கொழுந்து பறிக்கும் கைகளுக்கு எழுத்து எதற்கு என்று எண்ணிய துரைமார் பலர். ஆதலால் நுவரெலியா, அட்டன் பகுதிகளில் எழுந்த பள்ளிகளுட் பல, ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே அமைந்தன.

ஆசிரியர் ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற வகுப்புகளைக் கவனிப்பவர் யார்? மூத்த பிள்ளைதான் இளையதற்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அமைதி காக்கவும் வேண்டும். வறுமையிலே பிறந்த இவ்வேற்பாடு பொறுப்புணர்ச்சிக்குப் பயிற்சியாயிற்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் ஒழுக்கத்தின் முதற்பாடங்களாயின.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வெற்றி பெற்றனர். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. முன்னோர் இத்தீவிலே பிறந்தமைக்கு அது சான்று கேட்டது. லயத்திலே பிறந்தவர்களிடம் அத்தகைய பத்திரம் ஏது? 1949இல் பெரும்பாலோரின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தமோ, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களைப் பங்கிட்டது. 1,50,000 பேரின் முடிவைப் பின்னுக்கு ஒத்திவைத்தது.

ஒரே வாங்கில் அமர்ந்த இரு பிள்ளைகளில் ஒன்று கப்பலேறும், மற்றது இங்கே தங்கும் என்ற நிலையில், எந்த நாட்டின் குடிமையை ஆசிரியர் போதிப்பது? எந்த நாட்டுக்கும் பொருந்தும் பண்புகளையே அவர் போதிக்க முடிந்தது. வாய்மை, தூய்மை, அயலவருக்கு உதவுதல் ஆகியவற்றைக் கற்பிக்கப் பிறப்புப் பத்திரம் தேவைப்படவில்லை.

1977ஆம் ஆண்டு தொடங்கித் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. 1948இல் முதல் வகுப்பிலே இருந்த பிள்ளை அப்போது அறுபது வயதை எட்டியிருக்கும்.

நேயர்களே, குடியுரிமையைச் சட்டம் கொடுக்கலாம், பறிக்கவும் செய்யலாம். பள்ளி ஊட்டிய பண்பைப் பறிக்க எச்சட்டத்தாலும் இயலவில்லை. பெயர் தெரியாத அந்த ஓராசிரியர்களுக்கு இந்நாடு நன்றிக் கடன்பட்டுள்ளது.