புரொஸ்டேட் வீக்க மருந்தை நிறுத்துதல்

புரொஸ்டேட் வீக்க மருந்தை நிறுத்துதல் என்பது, வயது முதிர்ந்த ஆண்களில் புற்றுநோயின்றிப் பெருத்த புரொஸ்டேட் சுரப்பி சலக்குழாயை நெரிக்கும் நிலைக்காக எழுதப்பட்ட குளிசையை வைத்தியரின் கண்காணிப்பில் கைவிடுதலாகும். இம்மருந்துகளில் முக்கியமானவை இரு வகை. எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பின்விளைவும் அமையும்.

முதல் வகை சுரப்பியைச் சுருக்குவது. 1895இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் வில்லியம் வைற், சுரப்பியைச் சுருக்க விதைகளை அகற்றுவதையே சிகிச்சையாக முன்வைத்தார். அந்தக் கொடிய வழி விரைவில் கைவிடப்பட்டது. 1974இல் ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி குழுவினர், டொமினிக்கன் குடியரசின் சலீனாஸ் கிராமத்தில் பெண்பிள்ளைகளாக வளர்க்கப்பட்டுப் பருவ வயதில் ஆணுருப் பெற்றவர்களைப் பற்றி எழுதினர். டெஸ்டோஸ்டெரோனை அதன் வீரியமான வடிவமாக மாற்றும் நொதி அவர்களில் குறைவு. புரொஸ்டேட்டும் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் பினாஸ்டெரைட் 1992இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இதை நிறுத்தினால் அந்த வீரியமான ஹோர்மோன் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். சுரப்பியோ மாதக்கணக்கில் மெல்ல வளரும். இதே வகையைச் சேர்ந்த டுட்டாஸ்டெரைட்டின் அரைவாழ்வுக் காலமே சுமார் 5 வாரம். ஆகவே, முதல் மாதம் சுகமாகக் கழிந்தது என்பதை வைத்து மருந்து தேவையில்லை என முடிவெடுக்கக் கூடாது. இம்மருந்துகள் இரத்தத்திலுள்ள பிஎஸ்ஏ (புரொஸ்டேட் சுரக்கும் புரதம்) அளவை ஏறத்தாழப் பாதியாக்குவதால், 2 என வந்த முடிவை 4 என்றே வாசிக்க வேண்டும். நிறுத்திய பின் அளவு ஏறும். எப்போது நிறுத்தியது என்று வைத்தியருக்குத் தெரியாவிட்டால் அந்த ஏற்றம் வீண் பயத்தைக் கிளப்பும்.

இரண்டாம் வகை, சலப்பையின் வாயிலுள்ள தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின், டொக்சசோசின் போன்றவை. நிறுத்திய சில நாட்களிலேயே சலம் மெல்லியதாக, விட்டுவிட்டுப் போகத் தொடங்கலாம். டொக்சசோசினைப் பல நாள் விட்டவர் பழைய அளவிலேயே மீண்டும் விழுங்கினால், இரவில் கட்டிலை விட்டு எழும்பும்போது பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழக்கூடும். 1 மில்லிகிராமிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து எடுப்பவரில் முதலில் நிறுத்தத்தக்கது தசை தளர்த்தியே. 2003இல் வெளியான ஆய்வொன்றில், 24 வாரத்தின் பின் டாம்சுலோசினை விட்டு டுட்டாஸ்டெரைட்டை மட்டும் தொடர்ந்தவர்களில் 77 சதவீதத்தினருக்கு உபாதை கூடவில்லை. கடும் உபாதை இருந்தவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை. கண்புரைச் சத்திரசிகிச்சைக்காக டாம்சுலோசினைத் தாமாக நிறுத்துவதில் பலன் குறைவு. இம்மருந்தால் சத்திரசிகிச்சையின்போது கண்மணிப் படலம் தளரும் நிலை, அதை நிறுத்திய பின்னும் ஏற்படுவதுண்டு. கண் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்வதே முக்கியம்.

நிறுத்திய நாட்களில் தடிமனுக்குப் பிரிற்றன் என்ற ஒவ்வாமைக் குளிசையைப் போடுவது சலத்தை அடைக்கக்கூடும்.

கொழும்பின் கிருலப்பனைவாசிகள் களுபோவில போதனா வைத்தியசாலையிலோ தேசிய வைத்தியசாலையிலோ கிளினிக் கொப்பியைக் காட்டி ஆலோசனை பெறலாம். சலம் முற்றாக நின்று அடிவயிறு புடைத்து வலித்தால் அது அவசர நிலை: விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.