பொன்னின் போக்கறிந்த கணிதம்

சுரங்கத் தொழிலின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் பொன்னைக் கண்டெடுத்த கதையையே விரித்துரைப்பர். கண்ட பொன் எவ்வளவு, அது எத்திசையில் எத்துணைத் தூரம் செல்கிறது என்று அளந்தறிந்த கதையைக் கூறுவோர் சிலரே. ஆயினும் ஒரு சுரங்கத்தின் ஆயுளையும், அதனை நம்பி ஊர்விட்டு வந்து குடியேறிய மக்களின் வாழ்வையும் பெரிதும் நிருணயிப்பது இந்த இரண்டாவது கதைதான். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் கால்வைத்தபின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் திரளாக அங்குச் சென்றனர். அவர்கள் வெட்டிய சாம்பியன் படிவம் வடக்கு தெற்காக நெடுந்தொலைவு ஓடுவது. மேற்கு நோக்கிச் சாய்ந்து ஆழத்திற் செல்வது. ஆனால் குறுக்களவிலோ மிகவும் மெல்லியது. அம்மெல்லிய பாறையிலும் பொன் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஓரிடத்தில் செறிந்தும், அடுத்த இடத்தில் அருகியும் கிடந்தது. அதனைத் தொடர்ந்து சென்றவர்கள் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டினர். 2001-ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாறையிலிருந்து நாம் எடுத்துச் சோதிக்கும் மாதிரி கையளவே. இரண்டு மாதிரிகளுக்கு இடையே கண்ணுக்குப் புலனாகாது நிற்கும் பாறையில் என்ன இருக்கிறது? இக்கேள்விக்குக் கணித முறையில் விடை தேடும் முயற்சி தென்னாப்பிரிக்காவில் வலுப்பெற்றது. 1886-ஆம் ஆண்டில் விட்வாட்டர்ஸ்ராண்டில் பொன் வெளிப்பட்டது. ஜோகன்னஸ்பர்க் நகரம் எழுந்தது. அங்கே ஒரு பாறைக் கட்டத்தின் நான்கு புறமும் மாதிரி எடுத்து, அவற்றின் சராசரியையே அக்கட்டத்தின் மதிப்பாகக் கொள்வது வழக்கமாயிருந்தது.

இவ்வழக்கத்தில் மறைந்திருந்த பிழையை டேனி கிரிகே என்னும் சுரங்கப் பொறியியலாளர் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கிக் காட்டினார். மிக வளமானவை என மதிப்பிட்ட கட்டங்களை வெட்டிப் பார்த்தால், மதிப்பிட்டதைவிடக் குறைவான பொன்னே கிடைத்தது. வளமற்றவை என ஒதுக்கியவற்றிலோ எதிர்பார்த்ததைவிட மிகுதி இருந்தது. இது தற்செயலன்று, மாதிரிகளின் ஏற்றத்தாழ்விலிருந்து தவறாது விளையும் பயன். ஏட்டில் இருக்கும் பொன்னை நம்பி முதல் போடுவோரும், அம்முதலை நம்பிக் குடியேறுவோரும் இப்பிழையால் ஒருங்கே ஏமாறுவர்.

கிரிகேயின் கருத்தை விரிவான கோட்பாடாக்கியவர் பிரெஞ்சு நாட்டினரான ஜார்ஜ் மாதெரோன். 1954-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் தாது ஆய்வுப் பணியில் அமர்ந்த இவர், தாம் வகுத்த மதிப்பீட்டு முறைக்குக் கிரிகேயின் பெயரையே சூட்டிச் சிறப்பித்தார். 'கிரிகிங்' என்று உலகெங்கும் வழங்குவது அதுவே. 1968-ஆம் ஆண்டில் பிரான்சின் பாந்தேன்புளோ நகரில் இக்கலைக்கெனத் தனி ஆய்வு நிலையம் ஒன்று தோன்றியது.

மாதெரோன் அளித்த முக்கியமான கருவி 'வேரியோகிராம்' என்னும் வரைபடம். குறித்த தொலைவில் அமைந்த மாதிரிகளை இரண்டிரண்டாக இணைத்து, அவற்றின் வேறுபாட்டை வர்க்கித்துச் சராசரி காண்பர். அருகருகே உள்ளவை ஒத்திருக்கும். தொலைவு மிக மிக வேறுபாடும் வளரும். ஓர் எல்லைக்குப் பின் அது வளராது நின்றுவிடும். அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள மாதிரி, நாம் மதிப்பிடும் இடத்தைப் பற்றி நேரடியாக ஒன்றும் உணர்த்துவதில்லை.

அந்த எல்லை எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. கோலாரைப் போன்ற படிவத்தில், அது செல்லும் திசையில் ஒற்றுமை நெடிது நீளும். குறுக்கே சில அடிகளிலேயே அறுந்துபோகும். ஆகவே, சுற்றியுள்ள மாதிரிகளைத் திரட்டுவதற்குப் பந்து வடிவான எல்லை பொருந்தாது. நீண்டு தட்டையான முட்டை போன்ற வடிவமே தக்கது. இதனைத் 'தேடல் நீள்கோளம்' எனலாம்.

இதனை நிறுத்துவதில் முதலாவது காரியம் திசை. படிவம் எத்திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்கிறது, அச்சாய்தளத்தினுள் வளமான பகுதி எப்பக்கம் சரிந்து இறங்குகிறது என்னும் மூன்றையும் அறிந்து, நீள்கோளத்தின் மூன்று அச்சுகளையும் அவற்றோடு பொருத்த வேண்டும். பாறையியலார் கண்ணால் கண்ட உண்மையும் வேரியோகிராம் காட்டும் திசையும் முரண்பட்டால், முரணுக்குக் காரணம் காணாமல் மேற்செல்லலாகாது.

இரண்டாவது காரியம் அளவு. எடுத்துக்காட்டாக, ஓடும் திசையில் 60 மீட்டர், சாய்வின் வழியே 40 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் என வைத்துக்கொள்வோம். இவ்விகிதம் ஒற்றுமை எல்லைகளைத் தழுவியதாக இருத்தல் வேண்டும். துளைகளின் இடைவெளியும் நோக்கத்தக்கது. அதனினும் சிறிய நீள்கோளத்துள் போதிய மாதிரிகள் அகப்படா. மிகப் பெரிதாக வைத்தாலோ, தொலைவிலுள்ள வளமான மாதிரி தன் சாயலை வெற்றுப் பாறையின்மீதும் பூசிவிடும். ஆதலின் முதலில் சிறிய எல்லையில் தேடி, நிரம்பாத கட்டங்களுக்கு மட்டும் எல்லையைப் படிப்படியாக விரிப்பர். அவ்வாறு விரித்து நிரப்பிய கட்டங்களுக்கு உறுதி குறைவு என்பதையும் மறைக்காமல் குறித்தல் வேண்டும்.

படிவம் மடிந்து வளைந்து செல்லுமிடத்தில் ஒரே திசை உதவாது. அதனைப் பகுதிகளாகப் பிரித்தோ, வளைவுக்கேற்ப நீள்கோளத்தைத் திருப்பியோ கணிக்க வேண்டும். சுழற்சிக் கோணத்தை வலமாக எண்ணும் கணினி நிரல்களும் உண்டு, இடமாக எண்ணுவனவும் உண்டு. இதனைக் கவனியாது விட்டால், மேற்கே சாயும் படிவத்திற்குக் கிழக்கே சாயும் நீள்கோளம் அமைந்துவிடும். எனவே, அதனைத் துளைகளின் படத்தோடு வைத்துக் கண்ணால் ஒப்புநோக்குவது இன்றியமையாதது.

கணிதம் பொன்னை உண்டாக்குவதில்லை. இருப்பதை மிகைபடாமலும் குறைபடாமலும் உரைக்க மட்டுமே அது வல்லது. ஆயினும், பொன்னை நம்பித் தம் ஊரைத் துறந்து வேற்று மாநிலத்தில் வேரூன்றிய மக்களுக்கு, நிலத்தடியில் உள்ளது இவ்வளவே என்று நேர்மையாக உரைக்கும் ஒரு கணக்கு பொன்னினும் அரியது என்று நாம் கருதுகிறோம்.