ஓட்டைக் காலணாவில் ஓட்டை ஏன் வந்தது?

"ஓட்டைக் காலணாவுக்குப் பெறாதவன்" என்று யாராவது திட்டி நீங்கள் கேட்டிருக்கலாம். என் தலைமுறையில் அது சாதாரண வசவு. வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "சார், காசுல எதுக்கு ஓட்டை போட்டாங்க? கயித்துல கோக்கவா?" பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோத்ததும் உண்டு, அரைஞாண் கயிற்றில் கட்டியதும் உண்டு. ஆனால் ஓட்டை வந்த காரணம் வேறு.

1943. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. துப்பாக்கித் தோட்டாவின் கூடு பித்தளையில் செய்வது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். பீரங்கிக் குண்டின் கூடும் அப்படித்தான். செம்பு எல்லாம் போர்முனைக்குப் போனது. அதுவரை ஏறக்குறைய ஐந்து கிராம் எடை இருந்த வெண்கலக் காலணாவை, நடுவில் பெரிய ஓட்டை போட்டு இரண்டு கிராமுக்குக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. பார்வைக்கு அகலம் இருக்கும், உள்ளே உலோகம் இருக்காது. (அதே 1943-இல் அமெரிக்கா தன் ஒரு சென்ட் காசை இரும்பில் அடித்துத் துத்தநாகம் பூசி வெளியிட்டது. பணக்கார நாட்டுக்கும் அதே பாடுதான்.)

பெரிய காசும் தப்பவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல் வெள்ளி இருந்த ரூபாயில் 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் வெள்ளி அடியோடு போய் ரூபாய் முழுக்க நிக்கல் ஆனது. புலி படம் போட்ட 1947-ஆம் வருட ரூபாய் யார் வீட்டிலாவது இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டும். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். மூன்று பங்கு செம்போடு ஒரு பங்கு நிக்கல் கலந்த குப்ரோ நிக்கல் ஒட்டாது. வகுப்பில் ஒரு டப்பா காசும் ஒரு காந்தமும் கொண்டுபோனால் போதும், முழுப் பாடமும் நடந்துவிடும்.

ஒரு காசில் இருக்கும் உலோகத்தின் சந்தை விலை, அதன் மேல் அச்சடித்த மதிப்பைத் தாண்டினால் அந்தக் காசு கடைக்கு வராது. உருக்கும் உலைக்குப் போய்விடும். அரசுக்கும் தெரியும், பாத்திரக்காரருக்கும் தெரியும். சில்லறைக் காசை உருக்குவதும் பதுக்குவதும் குற்றம் என்று 1971-இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது ஒரு பைசா வெண்கலத்தில் இருந்தது. எடை ஒன்றரை கிராம். செம்பில் பெரும்பகுதியும் நிக்கல் முழுதும் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு, டாலர் கொடுத்து வாங்க வேண்டும். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ஆனது. அதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. 1964-இல் அறுகோண மூன்று பைசா அலுமினியத்தில் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு பைசாவும் இரண்டு பைசாவும், 1967-இல் ஐந்து பைசா, 1971-இல் பத்து பைசா. அலுமினியத்துக்கு நம் மண்ணில் பாக்சைட் உண்டு. ஏற்காட்டு மலைப் பக்கமும் கிடைக்கிறது. 1965-இல் மேட்டூரில் அலுமினிய ஆலை ஓடத் தொடங்கியது. அந்த ஆலையின் உலோகம்தான் காசானது என்று நான் சொல்ல வரவில்லை. காசுக்கு வேண்டிய உலோகத்தை உள்நாட்டிலேயே எடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காசை அன்று பலர் கேலி செய்தார்கள். "ஊதினா பறக்குது" என்பார்கள். நாங்கள் இரண்டு பைசாவைப் பக்குவமாகத் தண்ணீர்மேல் வைத்து மிதக்க விடுவோம். என் கணக்கில் அது நியாயமான முடிவு. இருந்த டாலருக்கு அரிசியும் உரமும் வாங்க வேண்டிய காலம் அது.

1968-இல் வந்த தாமரைப்பூ இருபது பைசா மட்டும் விதிவிலக்கு. செம்பு கலந்த மஞ்சள் உலோகம், பார்க்கத் தங்கம் மாதிரி. அது புழங்கியதைவிடப் பூஜை அறைக்குப் போனதுதான் அதிகம். எங்கள் தெருவில் "அதுல தங்கம் கலந்திருக்கு" என்று ஒரு புரளியே ஓடியது.

ஒற்றை ரூபாய் இளைத்த கதை எடையிலேயே இருக்கிறது. 1947-இல் 11.66 கிராம் நிக்கல். 1962-இல் 10 கிராம். 1975-இல் குப்ரோ நிக்கலில் 8, பிறகு 6. 1992-இல் துருப்பிடிக்காத இரும்பில் 4.85. 2011-இல் 3.79. இரும்புக்கு இறங்கியும் தொல்லை தீரவில்லை. நம் ரூபாய் நாணயத்தை எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தி சவர பிளேடு செய்கிறார்கள், ஒரு காசில் ஐந்தாறு பிளேடு வருகிறது என்று 2007-இல் செய்தித்தாள்கள் எழுதின.

ஒவ்வொரு முறையும் முதலில் அடிவாங்கியது எது என்று பாருங்கள். காலணா, ஒரு பைசா, ஐந்து பைசா. கூலிக்காரர் கையிலும் பூக்காரம்மா சுருக்குப் பையிலும் இருந்த காசு. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நாலணாவும் அதற்குக் கீழே உள்ள எல்லாக் காசும் செல்லாது என்று ஆக்கினார்கள். அடிக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை என்பதில் உண்மை இருந்தது. ஆனால் எங்கள் கடைத்தெருவில் ஒன்றேகால் ரூபாய்ச் சாமான் ஒரு ரூபாய்க்கு இறங்கி நான் பார்க்கவில்லை. ஒன்றரைக்கு ஏறித்தான் பார்த்தேன்.

எட்டணா மட்டும் மிச்சம். ஐம்பது பைசா இன்றைக்கும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளைக்குக் காய்கறிக் கடையில் இரண்டு எட்டணாவை நீட்டிப் பாருங்கள், என்ன சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள்.