விலை உயர்ந்த பெருக்கியும் கேட்கும் செவியும்



காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனுக்கென்றே தனியாக ஒரு பெருக்கி, அதாவது ஆம்பிளிபையர், கடைகளில் விற்கப்படுகிறது. நூறு ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. பத்தாயிரம் ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. சிறிய மின்குறிப்பைப் பெரிதாக்கி ஹெட்போனுக்கு அனுப்புவதே அவ்வேலை. அப்படியாயின் விலையில் நூறு மடங்கு வேறுபாடு ஏன்? அந்த விலைக்கு அந்தப் பொருள் தகுமா? பல மாதச் சம்பளத்தை ஒரு சிறு பெட்டிக்காகக் கொடுக்கலாமா என்று எண்ணும் இளைஞருக்கு இது விளையாட்டான கேள்வியன்று. இதற்கு விடை காண, அக்கருவி கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதலில் தோன்றியது ஹெட்போன். பெருக்கி பின்னர்தான் அதனோடு சேர்ந்தது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் என்பவர், தாம் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். அதைச் சோதித்துப் பார்த்த கடற்படை மேலும் பல வேண்டுமென்று கேட்டது. அவரோ தம் வீட்டுச் சமையலறையில் ஒரு தடவைக்குப் பத்துப் பத்தாகத்தான் செய்து கொடுக்க முடிந்தது. அக்காலத்து வானொலிக் கருவியில் பெருக்கி கிடையாது. வானலைக் கம்பி பிடித்துத் தரும் அற்ப மின்சக்தியைக் கொண்டே காது கேட்கவேண்டும். ஆகவே ஹெட்போன் மிக நுட்பமானதாக இருந்தாலன்றிப் பயனில்லை. பால்ட்வினின் கருவிக்கு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் இதுவே.

1906இல் லீ டி பாரஸ்ட் என்பவர் வால்வினுள் மூன்றாவது மின்முனை ஒன்றைச் சேர்த்தார். அவ்வால்வு மின்குறிப்பைப் பெரிதாக்கவல்லது என்பது சில ஆண்டுகளில் நன்கு புலப்பட்டது. 1915இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசியில் பேச முடிந்தது வால்வுகளின் துணையால்தான். ஆனால் ஒரு குறை இருந்தது. வால்வு ஒலியைப் பெரிதாக்கும்போது சிறிது கெடுக்கவும் செய்தது. பல பெருக்கிகளை வரிசையாக வைத்தால் கேடும் கூடிக்கொண்டே போகும். இதற்குத் தீர்வு கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். பெருக்கியிலிருந்து வெளிவரும் குறிப்பின் ஒரு பகுதியை உள்ளே திருப்பி அனுப்பி, வந்ததோடு ஒப்பிட்டுப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வது அவரது முறை. எதிர்ப் பின்னூட்டம் என்று இதனைச் சொல்வர். பெருக்கத்தில் கொஞ்சம் இழந்து, உண்மைத்தன்மையில் அதிகம் பெறும் முறை இது.

அதன்பின் 1947 டிசம்பரில் அதே ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பிறகு பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கும் கலை வளர்ந்தது. வால்வுக் காலத்தில் செலவும் சூடும் எடையும் மிகுந்திருந்த ஒரு வேலையை, 1970களின் இறுதிக்குள் விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லு செய்யத் தொடங்கிவிட்டது. 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. அதனுள்ளும் ஒரு பெருக்கி இருந்தது; ஆனால் வாங்கியவர் எவரும் அதைத் தனியாக எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல பெருக்கி என்பது அருமையான பொருள் என்ற நிலை இவ்வாறு மாறிப்போயிற்று.

நேயர்களே, நாம் கவனிக்கவேண்டிய திருப்பம் இங்கேதான் இருக்கிறது. வேலை மலிவானபின்பும் விலை குறையவில்லை. சில இடங்களில் ஏறியது. 1991இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஆர்பியஸ் என்ற ஹெட்போனையும் அதற்கான வால்வுப் பெருக்கியையும் 300 தொகுதிகள் மட்டுமே செய்தது. 2015இல் அறிவித்தபோது அதன் வாரிசின் விலை சுமார் 50,000 யூரோவாக இருந்தது. அதன் பெருக்கிக்கு இத்தாலியின் கராரா பளிங்குக் கல்லால் உடல் அமைத்தார்கள். பளிங்கு கண்ணுக்கு அழகுதான். காதுக்கு அது என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் வெவ்வேறு காலங்களில் செய்த மூன்று பெருக்கிகளை, ஒன்று வால்வு, மற்ற இரண்டும் டிரான்சிஸ்டர், கேட்போருக்கு எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கச் செய்தார்கள். முடிவு 1978இல் ஒயர்லெஸ் வோர்ல்ட் இதழில் வெளியாயிற்று. பழகிய செவிகளாலும் அவற்றை நம்பத்தக்க முறையில் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வுப் பெருக்கி வரை ஆறு கருவிகளை 25 பேருக்குப் போட்டுக் காட்டியது. வேறுபாடு உண்டென்று நம்பியவரும் நம்பாதவரும் அவர்களில் இருந்தனர். கிடைத்த விடைகள் காசைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமமாகவே இருந்தன. இவை பெரிய ஒலிபெருக்கிகளைக் கொண்டு நடந்த சோதனைகள். எனினும் பெருக்கி பற்றிய பாடம் ஹெட்போனுக்கும் பொருந்தும்.

2011இல் தம் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஹெட்போன் பெருக்கியின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் எல்லாரும் காணும்படி வெளியிட்டார். சில பத்து டாலர் உதிரிப் பாகங்களில் அதைக் கட்டிவிடலாம். பன்மடங்கு விலையுள்ளவற்றோடு அளவீட்டில் அது போட்டியிட்டது. விலை சொல்லும் கதையை அளவுகோல் கொண்டு சோதிக்கலாம் என்பதைப் பலருக்கும் அவர் உணர்த்தினார்.

நம் தோட்டப்புற மக்களுக்கு இது புதிய பாடமன்று. ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். பார்வையை நம்பாமல் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பார்ப்பது தோட்டத்து வழக்கம். பாலுக்கு அளவு கேட்கும் நாம், பெருக்கிக்கு மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

எவற்றை அளக்கவேண்டும்? முதலாவது, வலிமை. ஹெட்போனின் மின்தடை ஓம் என்ற அலகாலும், அதன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் குறிக்கப்பட்டிருக்கும். 32 ஓம், 100 டெசிபல் உள்ள ஒரு ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். இசையின் உச்சக்கட்டம் 110 டெசிபலை எட்ட 10 மில்லிவாட் போதும், அதற்கு 0.57 வோல்ட் தேவை. 300 ஓம், 97 டெசிபல் உள்ள மற்றொன்றுக்கு 20 மில்லிவாட்டும் சுமார் 2.5 வோல்ட்டும் வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2018இல் 9 டாலருக்கு விற்கத் தொடங்கிய சிறிய இணைப்பி, ஐரோப்பாவுக்கான வகை நீங்கலாக, சுமார் 1 வோல்ட் தருகிறது. முதல் ஹெட்போனுக்கு அது தாராளம். இரண்டாவதற்கு 102 டெசிபல் வரை வரும். அதற்கு மேல் ஓங்கும் இடங்களில் திணறும். அங்கே தனிப் பெருக்கிக்கு உண்மையான வேலை இருக்கிறது.

இரண்டாவது, பெருக்கியின் வெளியீட்டுத் தடை. இது ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நலம். 32 ஓமுக்கு 4 ஓம் என்று கணக்கு. இது மிகுந்தால் சில ஹெட்போன்களில் ஒலியின் தன்மையே மாறும். சில வால்வுப் பெருக்கிகளில் கேட்கும் வேறுபாடு மெய்யாகவே இருப்பது இதனால்தான். அந்த மாற்றம் ஒருவருக்குப் பிடிக்கலாம்; ஆனால் அது கூடுதல் உண்மைத்தன்மை ஆகாது. மூன்றாவது, இரைச்சல். பாட்டு இல்லாதபோது காதில் ‘உஸ்’ என்ற ஓசை கேட்கக் கூடாது.

விலை தகும் இடங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960 முதல் விற்றுவரும் நிலைமின் ஹெட்போன்களுக்குச் சாதாரணப் பெருக்கி உதவாது. அவற்றின் பிற்கால வகைகள் 580 வோல்ட் நிலை அழுத்தம் கேட்பவை. உழைக்கும் குமிழ், பழுது பார்க்கும் வசதி, நீண்ட உத்தரவாதம் ஆகியவற்றுக்கும் விலை கொடுக்கலாம். அழகுக்காகக் கொடுப்பதும் தவறன்று. அழகுக்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். இரு பெருக்கிகளின் ஒலி அளவையும் வோல்ட்மீட்டர் கொண்டு ஒரு விழுக்காட்டுக்குள் சமப்படுத்துங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகவே தோன்றும் என்பதால் இப்படி முக்கியமாகச் செய்யவேண்டும். பிறகு நண்பர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி இணைக்கட்டும். 16 தடவையில் 12 தடவையாவது சரியாகச் சொல்கிறீர்களா என்று பாருங்கள். வெறும் ஊகத்தால் அப்படிச் சொல்ல நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கூட இல்லை. சொல்ல முடியாவிட்டால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வலிமையான பெருக்கி செவியைக் கெடுக்கவும் வலிமை உடையது. வளர்ந்தவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 86 டெசிபலில் மிஞ்சுவது 10 மணி நேரமே. பெருக்கி கெட்டால் வேறு வாங்கலாம். செவியின் நுண்ணிய உணர் மயிர்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே நேயர்களே, முதலில் நல்ல ஹெட்போனைத் தேடுங்கள். ஒலியின் வேறுபாடு அங்கேதான் பெரிது. அதற்கு எத்தனை வோல்ட் வேண்டுமென்று கணக்கிடுங்கள். கையிலிருக்கும் கருவி அதைத் தருமானால் அதுவே போதும். தராவிட்டால் தரக்கூடியவற்றுள் மலிவானதிலிருந்து தேடத் தொடங்குங்கள். விலைச்சீட்டைப் படிப்பதற்கு முன் அளவீட்டைப் படிக்கப் பழகுவோமாக.