எதிரியின் அணு உலையை முந்திக்கொண்டு தாக்குவது நியாயமா? டெல்லியும் இஸ்லாமாபாத்தும் எழுதி வைத்த விடை

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கல்பாக்கம் அணுமின் நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1984-லிருந்து மின்சாரம் தரும் உலைகள், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், எரிந்து முடிந்த எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலை என்று ஒரே கடற்கரையில் எல்லாம் இருக்கின்றன.

2025 ஜூனில் ஈரானின் நதான்ஸ், ஃபோர்தோ, இஸ்ஃபஹான் நிலையங்கள் மீது குண்டு விழுந்தபோது, "எதிரி அணுகுண்டு செய்து முடிப்பதற்குள் அடித்து நொறுக்குவதில் என்ன தப்பு?" என்ற கேள்வி டீக்கடை வரை வந்தது. நம் பக்கத்தில் பலர் கோபத்தோடு பதில் சொன்னார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் அது மட்டும் பதிலாகாது. கல்பாக்கத்தின் மீது ஒருவன் கண் வைத்து, "முந்திக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் இதே கேள்விதானே? நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் துணைக்கண்டத்திலேயே அது எழுந்தது. அதற்கு விடை எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

முந்திக்கொள்வதில் இரண்டு வகை

எதிரியின் படை எல்லையில் நிற்கிறது, விமானங்களில் குண்டு ஏற்றியாகிவிட்டது, நாளை அடி விழுவது உறுதி. அப்போது முதல் அடியை நாம் கொடுப்பது ஒரு வகை. எதிரி என்றாவது ஒருநாள் ஆயுதம் செய்யலாம், செய்தால் நம்மீது போடலாம் என்ற கணக்கில் இன்றே அடிப்பது இன்னொரு வகை. தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டும் ஒரே பெயரில் பேசப்படுகின்றன.

சர்வதேசச் சட்டத்தில் இந்த வேறுபாடு பழையது. 1837-இல் கனடா கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய 'கரோலைன்' என்ற படகை, அமெரிக்கக் கரையிலேயே புகுந்து பிரிட்டிஷார் எரித்து நயாகரா ஆற்றில் விட்டார்கள். அதையொட்டி எழுந்த கடிதப் போக்குவரத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் ஓர் அளவுகோல் வைத்தார். ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும், வேறு வழியே இருக்கக் கூடாது, யோசிக்கக்கூட நேரம் இருக்கக் கூடாது. ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவு இன்னும் கறாரானது. ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காப்பு உரிமை உண்டு என்றுதான் அது சொல்கிறது.

கட்டி முடிக்காத உலையோ, சுழன்றுகொண்டிருக்கும் செறிவூட்டும் எந்திரமோ முதல் வகையில் சேராது. ஆகவே அணுத் திட்டங்கள் மீதான தாக்குதல்கள் எல்லாமே இரண்டாம் வகைதான்.

பாக்தாத் முதல் இஸ்ஃபஹான் வரை

அணு உலை மீது ஒரு நாடு நடத்திய முதல் வான்தாக்குதலைச் செய்தது இஸ்ரேல் அல்ல, ஈரான். 1980 செப்டம்பர் 30 அன்று ஈரானின் ஃபாண்டம் விமானங்கள் பாக்தாத் அருகே இருந்த ஒசிராக் உலையைத் தாக்கின. பிறகு ஈராக், ஈரானின் புஷெஹர் உலையை 1984 முதல் பலமுறை தாக்கியது. இரண்டும் முஸ்லிம் நாடுகள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா 8-ஆவது வசனத்தின் கட்டளை. எனவே இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒசிராக்கை முழுதாக அழித்தது 1981 ஜூன் 7 அன்று வந்த இஸ்ரேலிய விமானங்கள். பத்து ஈராக்கியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இறந்தனர். பாதுகாப்பு அவை 487-ஆவது தீர்மானத்தில் அதை வன்மையாகக் கண்டித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, அமெரிக்காவும் ஆதரித்தே வாக்களித்தது. விளைவு என்ன? கண்காணிப்பாளர்கள் வந்துபோன ஒரு உலையின் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பெரிய திட்டம் ஒன்று தொடங்கியது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு உள்ளே போன சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள், சதாம் ஹுசைன் ரகசியமாக எவ்வளவு தூரம் போயிருந்தார் என்று கண்டு அதிர்ந்தார்கள். அந்தத் திட்டத்தைப் பிரித்துப்போட்டு முடித்தது அந்த ஆய்வுப் பணிதான். முடிந்துபோன அதைக் காரணம் காட்டியே 2003-இல் ஈராக் மீது படையெடுத்தார்கள். பேரழிவு ஆயுதம் ஒன்றும் கிடைக்கவில்லை.

தாக்குதலை ஆதரிப்பவர்களிடம் இருக்கும் வலுவான வாதம் சிரியா. 2007 செப்டம்பர் 6 அன்று தேர் அஸ்ஸூர் பகுதியில் இஸ்ரேல் அழித்த கட்டடம் பெரும்பாலும் அணு உலையாகவே இருந்திருக்க வேண்டும் என்று முகமை 2011-இல் சொன்னது. சில ஆண்டுகளில் அந்தப் பகுதி ஐ.எஸ். கும்பலின் கைக்குப் போனது. உலை அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஆனால் 2007-இல் குண்டு போட்டவர்களுக்கு ஐ.எஸ். வரப்போவது தெரியாது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் செய்ததற்கு நியாயம் கற்பிப்பது சரியல்ல.

2025-க்கு வருவோம். ஜூன் 12 அன்று முகமையின் ஆளுநர் குழு, ஈரான் தன் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று தீர்மானம் போட்டது. 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் ஈரானிடம் 400 கிலோவுக்கு மேல் இருந்தது. மின்சாரத்துக்கு அந்த அளவு தேவையில்லை. இவை உண்மை. மறுநாள் அதிகாலை இஸ்ரேல் தாக்கியது, 22-ஆம் தேதி அமெரிக்கா சேர்ந்துகொண்டது. ஈரான் குண்டு செய்யத் திட்டமிட்டு இயங்கியதற்கு ஆதாரம் இல்லை என்று முகமைத் தலைவர் ரஃபேல் குரோஸி அந்த வாரமே சொன்னார். ஜூன் 15 அன்று மஸ்கட்டில் அமெரிக்காவும் ஈரானும் ஆறாம் சுற்றுப் பேச்சுக்கு அமரவிருந்தன. ஈரான் அரசின் கணக்குப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஈரான் ஏவுகணைகளால் இஸ்ரேலிலும் பொதுமக்கள் மாண்டனர். ஜூலையில் ஈரான் முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்தியது. அந்த 400 கிலோ எங்கே இருக்கிறது என்பதை நேரில் பார்த்து உறுதி செய்ய முடியாத நிலை வந்தது.

ஜூன் 23 இரவு கத்தாரின் வான்வழி மூடப்பட்டபோது, தோஹாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் நம் வீடுகளில் யாரும் தூங்கவில்லை. புஷெஹர் உலை வளைகுடாக் கடற்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை நாடுகள் குடிப்பது அந்தக் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஆபத்து உறுதியானால் படை திரட்டிப் புறப்படலாம் என்பதற்கு அறிஞர்கள் தபூக்கைக் காட்டுவார்கள். ரோமர்கள் படை திரட்டுகிறார்கள் என்ற செய்தியின் பேரில் ஹிஜ்ரி 9-இல் நபி (ஸல்) அவர்கள் கிளம்பினார்கள். ஆனால் அங்கே நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். மற்றப் பயணங்களில் போகுமிடத்தை வெளிப்படுத்தாத நபியவர்கள், இந்தப் பயணத்தில் வெளிப்படையாகவே அறிவித்தார்கள் என்று கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. தபூக்கில் எதிரிப் படை இல்லை. இல்லை என்று தெரிந்ததும் போரும் இல்லை. அய்லா போன்ற ஊர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பினார்கள்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது அல்அன்ஃபால் 58-ஆவது வசனம். உடன்படிக்கை செய்தவர்கள் மோசடி செய்வார்கள் என்ற அச்சம் வந்தால்கூட, உடன்படிக்கை முடிந்தது என்பதை இரு தரப்பும் சமமாக அறியும்படி அறிவித்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. சந்தேகம் வந்தவுடன் இரகசியமாக அடிக்க அனுமதி இல்லை. முஆவியா (ரலி) அவர்கள் ரோமர்களுடன் செய்த ஒப்பந்தம் முடிய இருந்த நேரத்தில், முடிந்த உடனே தாக்கலாம் என்று படையை எல்லை நோக்கி நகர்த்தினார்கள். அம்ர் பின் அபஸா (ரலி) அவர்கள் குதிரையில் விரைந்து வந்து, வாக்கைக் காப்பாற்ற வேண்டும், மோசடி கூடாது என்று உரக்கச் சொன்னார்கள். நபியவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துரைத்ததும் முஆவியா (ரலி) படையோடு திரும்பிவிட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது பதிவாகியுள்ளது. தாக்குவதற்கு அப்போது எல்லா வசதியும் இருந்தது. ஒரு ஹதீஸைக் கேட்டு ஒரு படையே திரும்பியது.

கஹூட்டாவும் டிராம்பேயும்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒசிராக் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தானின் கஹூட்டா செறிவூட்டும் நிலையத்தைத் தாக்கும் யோசனை இந்திய இராணுவ வட்டாரத்தில் எழுந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அது நடக்கவில்லை. கஹூட்டா மீது கை வைத்தால் மும்பையின் டிராம்பே தாக்கப்படும் என்று பாகிஸ்தான் அணுசக்தித் தலைவர் முனீர் அகமது கான், நம் விஞ்ஞானி ராஜா ராமண்ணாவிடம் வியன்னாவில் சொன்னதாகப் பிற்பாடு வந்த நூல்கள் கூறுகின்றன. டிராம்பேயும் கஹூட்டாவும் பெரிய நகரங்களை ஒட்டியவை. ஜெயிப்பவன் என்று யாரும் இருக்க முடியாது என்பது இரு தரப்புக்கும் புரிந்தது.

1985 டிசம்பரில் ஜியாவுல் ஹக்கும் ராஜீவ் காந்தியும் டெல்லியில் வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் ராஜீவும் பேநசீர் பூட்டோவும் பிரதமர்களாக இருக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991 ஜனவரி 27-இல் நடைமுறைக்கு வந்தது. மிகச் சிறிய ஒப்பந்தம். ஒருவர் மற்றவரின் அணு நிலையத்தை அழிக்கும் எந்தச் செயலையும் செய்யக் கூடாது, தூண்டக் கூடாது, நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுக்கவும் கூடாது. மின் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டும் நிலையம், மறுசுத்திகரிப்பு ஆலை எல்லாம் அதற்குள் அடங்கும். அந்த வரையறைப்படி கல்பாக்கமும் அடங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதி ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். எதிரியிடம் முகவரியைக் கொடுத்து, "இங்கே அடிக்காதே" என்று சொல்லும் ஏற்பாடு!

1992-இல் தொடங்கிய பட்டியல் பரிமாற்றம் கார்கில் போரின்போதும், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் படைகள் எல்லையில் நின்றபோதும், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும், பாலகோட்டுக்குப் பிறகும் தடைபடவில்லை. 2025 ஜனவரி 1 அன்று 34-ஆவது முறை நடந்தது. (சிறையிலிருக்கும் மீனவர்கள், கைதிகளின் பட்டியலும் அதே நாளில்தான் பரிமாறப்படுகிறது.) நான்கே மாதத்தில் போர் மூண்டது. கிரானா குன்றுகளில் உள்ள அணு நிலையத்தை இந்தியா தாக்கியதாக வதந்தி பரவியபோது, மே 12 அன்று ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி அதைத் தெளிவாக மறுத்தார். பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கதிர்வீச்சுக் கசிவு இல்லை என்று முகமையும் அறிவித்தது.

இந்த ஒப்பந்தம் குண்டு செய்வதைத் தடுக்கவில்லை. 1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணுகுண்டு வெடித்துக் காட்டின. சீனா இதில் இல்லை. ஆயுதக் குழுக்களை இது கட்டுப்படுத்தாது. இரு நாடுகளும் ஒன்றையொன்று இன்றும் நம்புவதில்லை. ஆனாலும் மே 2025-இல் ஏவுகணைகள் பறந்த அந்த நான்கு நாள்களில், கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட வட்டத்துக்குள் இருக்கும் எந்த ஊரையும் காலி செய்ய வேண்டிய நிலை வரவில்லை.