விபத்து நாளின் இரு முனைகள்: பணிவழிப் பயணமும் இழப்பீட்டின் காலக் கணக்கும்

வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகள், பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் 3ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று 2025 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தைவ்சாலா வழக்கில் (2025 ஐ.என்.எஸ்.சி. 904) தீர்ப்பளித்தது. முடிவு சரியானது. ஆனால் அது திறந்துவிட்ட உரிமைக்குப் பணமதிப்பு எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவை வேறு தீர்ப்புகள். அவற்றோடு சேர்த்துப் படிக்காமல் இதன் பலனை மதிப்பிட முடியாது.

வழக்கின் விவரம் எளிது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவருக்கு அதிகாலை 3 மணி முதல் முற்பகல் 11 மணி வரை பணி. 2003 ஏப்ரல் 22 அன்று பணிக்குப் புறப்பட்டவர், ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்னதாகச் சாலை விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாயும் 12 சதவீத வட்டியும் வழங்க உத்தரவிட்டார். விபத்து பணியின் போக்கில் நேர்ந்ததல்ல என்று கூறி 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு ஆணையரின் உத்தரவை மீட்டது.

அமர்வு சென்ற வழிதான் விவாதத்துக்குரியது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட 51இ பிரிவு, பயண விபத்தைப் பணி விபத்தாகவே கருத வேண்டும் என்கிறது. விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் பணிக்கும் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. இப்பிரிவு புதிய உரிமை எதையும் படைக்கவில்லை, ஏற்கெனவே இருந்த ஐயத்தைத் தெளிவுபடுத்தியது, ஆகவே பின்னோக்கியும் செல்லும் என்றது நீதிமன்றம். ‘பணியின் போக்கில்’ என்ற ஒரே சொற்றொடரை இரு சட்டங்களும் ஒரே நோக்கில் பயன்படுத்துவதால், அதே பொருளை 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் நீட்டியது.

காப்பீட்டு நிறுவனங்களின் பக்கம் நின்று எழுப்பக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நாடாளுமன்றம் 2009இல் திருத்தியது. அத்திருத்தம் 2010 ஜனவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களுக்குள் இ.எஸ்.ஐ. சட்டத்தில் பயண விபத்துப் பிரிவைச் சேர்த்த அதே நாடாளுமன்றம், இங்கே அதைச் சேர்க்காமல் விட்டதை வேண்டுமென்றே விட்டதாக ஏன் கொள்ளக் கூடாது? மேலும், 51இ பிறந்ததே டி கோஸ்டா தீர்ப்பை (1996) மாற்றத்தான். சைக்கிளில் ஆலைக்குச் சென்றவர் வாயிலுக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதிக் காயமடைந்தது பணி விபத்தல்ல என்றது அத்தீர்ப்பு. உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்ட ஒன்றைப் பிறகு மாற்றுவதைத் தெளிவுபடுத்தல் என்பது சற்றே தாராளமான வாசிப்புதான்.

ஆயினும் மறுப்பு நிற்காது என்பேன். காரணம், இரு சட்டங்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோர முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பீட்டுக்கு வெளியே இருப்பவருக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டமே கதி. யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஊதிய வரம்பும் தொழிலின் வகையும் தீர்மானிக்கின்றன. விபத்தின் தன்மைக்கு அதில் பங்கில்லை. சர்க்கரை உற்பத்தியில் மட்டும் ஈடுபடும் ஆலை, இ.எஸ்.ஐ. சட்டத்தின் வரையறைப்படி பருவகாலத் தொழிற்சாலை. அச்சட்டம் அதற்குப் பொருந்தாது. தேயிலை, காப்பி, ரப்பர் ஆலைகளும் அப்பட்டியலில் உண்டு. ஒரே சாலையில் ஒரே ஷிப்டுக்குப் போகும் இருவரில் துணி ஆலைக்காரருக்கு உரிமை உண்டு, சர்க்கரை ஆலைக்காரருக்கு இல்லை என்ற வேறுபாட்டை நாடாளுமன்றம் கருதியே விட்டது என்று வாதிட ஒரு காரணமும் கிடைக்காது.

இனிப் பணக் கணக்கு. தொழிலாளி இறந்தால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 3,26,140 என்ற தொகை, 2,000 ரூபாயை 47 வயதுக்குரிய 163.07ஆல் பெருக்கியதற்குச் சமம். அதாவது அன்றைய சட்டம் விதித்த 4,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பே அடிப்படையாக நிற்கிறது. அந்த உச்சவரம்பு விளக்கம் 2010இல் நீக்கப்பட்டது. மத்திய அரசு அறிவிக்கும் ஊதியம் 8,000 ரூபாயானது. 2020 ஜனவரியில் 15,000 ஆயிற்று. மாதம் 15,000 வாங்கிய அதே வயதுக்காரர் 2020 பிப்ரவரியில் இறந்திருந்தால் தொகை 12,23,025.

இந்த உயர்வு பழைய விபத்துகளுக்குச் செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சிவராமன் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: கடப்பாடு விபத்து நாளிலேயே நிலைபெற்றுவிடுகிறது, பின்னால் வரும் திருத்தம் அதைக் கூட்டாது. இதன் வேர் நான்கு நீதிபதிகள் அமர்வு சபதா வழக்கில் (1976) வகுத்த விதி. இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு, ஆணையர் தீர்ப்பு சொல்லும் நாளில் அல்ல, விபத்து நேர்ந்த நாளிலேயே இழப்பீடு உரியதாகிறது என்றது அது. முதலாளி தாமதத்தால் லாபமடையக் கூடாது என்பதற்காகப் பிறந்த விதி, பிற்காலத்தில் தொகையை உறையவைக்கும் விதியாகவும் ஆகிவிட்டது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் தெரிகிறது. உரிமையின் எல்லை பின்னோக்கி விரிகிறது, தொகை விரியவில்லை. தெளிவுபடுத்தல், கூடுதல் சுமை என்று சட்டக் கோட்பாடு இரண்டையும் பிரிக்கலாம். பணம் கட்டும் நிறுவனத்துக்கு இரண்டும் சுமைதான். சிவராமன் தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. 1999இலேயே மூவர் அமர்வு வல்சலா வழக்கில் சொன்னதோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் அதன் விளைவு, நீண்டுபோன வழக்குகளில் காலத்தின் இழப்பை ஈடுசெய்ய வட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதே.

அந்த வட்டி சிறு தொகையல்ல. 3,26,140க்கு ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி 39,137 ரூபாய். 22 ஆண்டுகளுக்குச் சுமார் 8 லட்சத்து 61 ஆயிரம். அசலைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். எனவே வட்டி எந்நாளிலிருந்து, யார் தருவது என்பவையே நடைமுறையில் வழக்கின் சாரம். முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது: ஆணையரின் உத்தரவு நாளிலிருந்துதான் என்ற 2007, 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் சபதாவைக் கவனிக்காதவை என்று சிபி ஜார்ஜ் வழக்கு (2012) ஒதுக்கியது. இரண்டாவது கேள்வி இன்னும் சிக்கலானது. மோட்டார் வாகனக் காப்பீட்டில் வட்டியை நிறுவனமே தர வேண்டும், தாமதத்துக்கான அபராதத்தை மட்டும் முதலாளி ஏற்க வேண்டும் என்றது வேத் பிரகாஷ் கார்க் (1997). மற்றப் பாலிசிகளில் ஒப்பந்தத்தின் மூலம் வட்டியை விலக்கிக்கொள்ளலாம் என்றது ஹர்ஷத்பாய் (2006). அப்படி விலக்கிய பாலிசியில் அசலைவிடப் பெரிய தொகை முதலாளியின் தலையில் விழும். ஆலை மூடிக்கிடந்தால் யாரிடம் வசூலிப்பது?

2025 நவம்பர் 21 முதல் இவ்விரு சட்டங்களுக்கும் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறையில் உள்ளது. பயண விபத்தை அது வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. ஆகவே தைவ்சாலா தீர்ப்பின் நேரடிப் பயன் பெரும்பாலும் பழைய விபத்துகளுக்குத்தான், அதாவது தொகை உறைந்துபோன, வட்டி பெருத்த வழக்குகளுக்கு. அவற்றில் ஷிப்டுப் பட்டியலும் வருகைப் பதிவேடும் முதலாளியின் கையில் இருக்கின்றன. பணி நேரத்தையும் வழக்கமான வழியையும் குடும்பத்தார் காட்டிய பிறகு, தொடர்பு அறுந்தது என்று நிறுவும் பொறுப்பு முதலாளியின் மேல் வர வேண்டும். ஆணையர்கள் ஒவ்வொரு உத்தரவிலும் வட்டி தொடங்கும் நாளையும், பாலிசியின் விலக்கு விதியைப் படித்து அதைக் கட்ட வேண்டியவரையும் தனித்தனியே எழுத வேண்டும்; எழுதாமல் விட்ட உத்தரவுகளுக்கு வழக்கறிஞர்கள் திருத்தம் கோர வேண்டும்.